துணைக்கு வந்தவர்கள் பூங்கா

கொடைக்கானலுக்கு அடிக்கடி போய் வந்தும் ஏரியைப் பார்க்காதவர்கள் சங்கம் என்று ஒன்று ஆரம்பித்தால், தலைவராக நான் போட்டியின்றித் தேர்வாவேன். சொந்தக்காரர்கள் இதை நம்புவதில்லை. "கொடைக்கானல் போயி ஏரியப் பாக்கலயா? அப்ப எதுக்குத்தான் போனீக?" என்கிறார்கள். மகளுக்குத் துணையாகப் போனேன் என்றால், "சரி, அவளாவது பாத்தாளா?" என்று அடுத்த கேள்வி. அவளும் பார்க்கவில்லை. அவள் நூலகத்தைப் பார்த்தாள், நெறியாளரைப் பார்த்தாள், நெறியாளர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்த இயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். நான் செட்டியார் பூங்காவைப் பார்த்தேன்.

மகள் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். பகுதிநேர ஆய்வு. முழுநேரம் கல்லூரி வேலை, பகுதிநேரம் ஆய்வு, மிச்ச நேரம் எங்கள் மேல் கோபம். 1984-இல் தமிழக அரசு பெண்களுக்கென்றே தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அட்டுவம்பட்டியில், மலையின் வடக்குப் பக்கத்தில் வளாகம். அன்னை தெரசா உயிரோடு இருந்தபோதே அவர் பெயரை வைத்தார்கள். உயிரோடு இருப்பவர் பெயரை ஓர் அரசு வைத்து, அதற்கப்புறம் எத்தனையோ ஆட்சி மாறியும் பெயர்ப்பலகை மாறாமல் இருப்பது நம் ஊரில் அபூர்வம். அதற்காகவே இன்னொரு நோபல் பரிசு தரலாம்.

முப்பது வயதைத் தாண்டிய, தானே ஐம்பது பேருக்குப் பாடம் நடத்துகிற பெண்ணுக்குத் துணை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "பொம்பளப் புள்ள தனியா மலை ஏறணுமாக்கும்?" என்று என் வீட்டுக்காரி ஒரே வரியில் முடித்துவிட்டாள். ஆனால் மலை ஏறும்போது யாருக்கு யார் துணை என்பது காட்ரோடு தாண்டியதும் தெரிந்துவிடும். மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் வத்தலகுண்டு வரை நான் மனிதன். வளைவுகள் ஆரம்பித்ததும் மகள் கைப்பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, பேசாமல் என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். டம்டம் பாறையில் பஸ்ஸே ஒருபக்கமாகச் சாய்ந்து எலிவால் அருவியைப் பார்க்கும்போது, நான் மட்டும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசத்தில் இருப்பேன். மலையில் பாலித்தீன் பைக்குத் தடை. நல்ல தடைதான், வரவேற்கிறேன். ஆனால் அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர்கூட டம்டம் பாறை வளைவில் ஜன்னலோரம் கிடைக்காமல் உட்கார்ந்தவராக இருக்க முடியாது.

2024 மே மாதத்திலிருந்து சொந்த வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவு. அரசு பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் கவலை இல்லை. என்னை யாரும் எண்ணுவதில்லை, கணக்கில் சேர்ப்பதுமில்லை. சுற்றுலாப் பயணிகள் பட்டியலில் நான் வரமாட்டேன் என்பது ஒருவகையில் நியாயம். நான் சாமான்.

இந்த மலைக்கு வருகிறவர்கள் சாமானாக வருவது புதிதில்லை. 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டியபோது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து ஒற்றையடிப் பாதை. நடக்க முடிந்தவர்கள் நடந்தார்கள், குதிரை வைத்திருந்தவர்கள் குதிரையில் ஏறினார்கள், மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள நம்மவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேஜர் லா என்பவர் 1870-களில் வகுத்த சாலை, வண்டி போகிற அளவுக்கு முடிய முதல் உலகப் போர்க் காலம் ஆகிவிட்டது. கிட்டத்தட்ட நாற்பது வருஷம். முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்களுக்கு இதைவிட ஆறுதலான தகவல் கொடைக்கானல் வரலாற்றிலேயே கிடையாது. நான் சொன்னபோது மகள் சிரிக்கவில்லை.

வெள்ளி அருவியைத் தாண்டும்போது மட்டும் கண்ணைத் திறப்பேன். ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர்தான் அங்கே வந்து விழுகிறது. 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி அது. ஏரியைத்தான் பார்க்கவில்லையே தவிர, ஏரித் தண்ணீரைப் பார்த்துவிட்டேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.

பல்கலைக்கழக வாசலில் என்னை யாரும் தடுத்ததில்லை. காவலாளி வணக்கம் வைத்து, வெயிலில் நிற்க வேண்டாம் என்று நிழலைக்கூடக் காட்டினார். தடுத்தது என் மகள்.

"அப்பா, நீங்க உள்ள வந்தா எங்க கைடு எந்திரிச்சு, 'உக்காருங்க சார்'னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். நல்ல பழக்கம்தானே?"

"நீங்க உக்காந்துருவீங்க. உக்காந்து 'எங்க காலத்துல'ன்னு ஆரம்பிப்பீங்க. அப்புறம் என் சாப்டர் எங்க நடக்கும்? நீங்க போயி செட்டியார் பார்க்ல இருங்க. முடிஞ்சதும் போன் பண்றேன்."

அதிலிருந்து செட்டியார் பூங்கா என் நிரந்தர முகவரி.

கொடைக்கானலில் பூங்கா என்றால் எல்லோரும் சொல்வது பிரையண்ட் பூங்காவைத்தான். ஏரிக்கரையில், ஊருக்கு நடுவில் இருக்கிறது. மதுரை வன அதிகாரி பிரையண்ட் 1908-இல் உருவாக்கியது. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி, அமைச்சர், பூவால் செய்த டைனோசர், அதற்கு முன்னால் நின்று படம் எடுக்கக் கியூ. செட்டியார் பூங்காவுக்கு அந்தப் பந்தா எதுவும் இல்லை. ஊரின் வடகிழக்கு மூலையில், குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போகிற வழியில், மலைச்சரிவிலேயே ஒண்டிக்கொண்டிருக்கிறது. தோட்டக்கலைத் துறைதான் இதையும் பார்த்துக்கொள்கிறது. சரிவை அனுசரித்துப் படிகள், படிகளுக்கு இரண்டு பக்கமும் பூப்பாத்திகள், நடுநடுவே புல்தரை, ஊஞ்சல், சறுக்கு. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் பேசும். அதனால் இளசுகள் மேலேயும் பெரியவர்கள் கீழேயும் என்று பூங்கா தானாகவே பிரிந்துகொள்கிறது. மேலே போனவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கீழே இருப்பவர்களால் ஏறிப் போய்ப் பார்க்க முடியாது. இந்தப் பூங்காவை வடிவமைத்தவர் யாரோ, உலகம் தெரிந்தவர்.

கீழ் பெஞ்சுகள் எங்களுடையவை. எங்களுடையவை என்றால், துணைக்கு வந்தவர்களுடையவை. பல்கலைக்கழகத்தில் தேர்வு, சேர்க்கை, வாய்மொழித் தேர்வு என்று ஏதாவது இருந்தால் அன்றைக்குப் பூங்காவில் ஆண்கள் கூட்டம் தெரியும். பூவைப் பார்க்காத கூட்டம். எல்லோர் மடியிலும் யாரோ ஒரு பெண்ணின் பை இருக்கும். முதுநிலையில் சேர்க்க வந்த அப்பாக்களிடம் டிரங்குப் பெட்டி, பக்கெட், போர்வை. ஆய்வு மாணவிகளின் கணவர்களிடம் மடிக்கணினிப் பை, சில சமயம் குழந்தை. காலம் காலமாக ஆஸ்பத்திரி வாசலிலும் ரேஷன் கடை வாசலிலும் ஆபீஸ் வாசலிலும் காத்திருப்பது பெண்கள் வேலையாக இருந்தது. காத்திருப்பதில் எங்களுக்கு அனுபவம் போதாது என்பது பார்த்த உடனே தெரியும். உட்கார்வோம், எழுவோம், மணி பார்ப்போம், டீ குடிப்போம், குடித்த டீயைப் பற்றிக் குறை சொல்வோம். ஒரு பெண்மணி இந்த நேரத்தில் ஒரு முழம் கதம்பம் கட்டி, ஒரு கீரையை ஆய்ந்து, பக்கத்தில் இருப்பவரின் மூன்று தலைமுறையை விசாரித்து முடித்திருப்பார்.

போன தடவை ஓர் இளம் கணவர் கைக்குழந்தையோடு வந்திருந்தார். மனைவிக்கு உள்ளே வாய்மொழித் தேர்வு. குழந்தை பாலைக் குடித்துவிட்டு முறுக்கிக்கொண்டு அழுதது. உடனே அத்தனை பெஞ்சுகளும் எழுந்து வந்துவிட்டன. "தோள்ல போடுங்க தம்பி", "முதுகத் தட்டாதீங்க, தடவுங்க", "குப்புறப் போடுங்க", "ஓமத் தண்ணி இல்லயா?" எங்களில் ஒருவர்கூடத் தன் சொந்தப் பிள்ளையைத் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்தவர் கிடையாது. அதனால் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. கடைசியில் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா மண்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, குழந்தையை வாங்கி, நிமிர்த்தித் தோளில் சாய்த்து ரெண்டு தட்டுத் தட்டினார். குழந்தை ஏப்பம் விட்டது. "இம்புட்டுத்தேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் களைக்குப் போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அதைத்தான் நாங்களும் சொன்னோம் என்ற மாதிரி தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம்.

இந்தப் பெஞ்சில்தான் கம்பத்துக்காரர் எனக்குப் பழக்கம். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், அதற்கு மேல் ஒரு துண்டு. மே மாதத்திலும் இதே வேஷம்தான். கம்பம் பள்ளத்தாக்கில் நஞ்சை வைத்திருப்பவர். முல்லைப் பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் பார்த்தவருக்குக் கொடைக்கானலின் குளிர் ஆகவில்லை. அவருடைய மகளும் ஆய்வு மாணவி.

துணைக்கு வந்தவர்களின் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஊர். அடுத்தது சர்க்கரை, வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு. பிறகு இங்கே சென்ட் என்ன விலை போகிறது. வாங்கப் போகிறவர் யாரும் இல்லை, இருந்தாலும் விலையைக் கேட்டு "அடேங்கப்பா" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் அந்தக் கேள்வி வரும்.

"பாப்பா என்ன சார் ஆராய்ச்சி பண்ணுது?"

இங்கே என் சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். என் மகளின் ஆய்வுப் பொருள் குறிஞ்சித் திணை. நிலம் மலை, தெய்வம் முருகன், பொழுது யாமம், பூ குறிஞ்சி. இதுவரை தாராளமாக நாலு பேர் முன்னால் சொல்லலாம். ஆனால் ஆய்வு இதோடு நிற்கவில்லை. உரிப்பொருளுக்குப் போய்விட்டது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் என்ன என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குப் பொதுப் பூங்காவில், பக்கத்தில் ஒரு குடும்பம் புளிசாதம் பிரித்துக்கொண்டிருக்கும்போது, "புணர்தலும் அது சம்பந்தப்பட்டதும்" என்று எப்படி விளக்குவது? அதுவும் 'எங்க பாப்பா' என்று ஆரம்பிக்கிற வாக்கியத்தில்? தொல்காப்பியர் காலத்தில் அப்பாக்களை யாரும் பெஞ்சில் உட்கார வைத்து விசாரிக்கவில்லை. அதனால் அவர் பாட்டுக்கு வகுத்துவிட்டார்.

"மலை சம்பந்தமாண்ணே" என்றேன்.

"அடடே. புவியியலா?"

"இல்லண்ணே, தமிழ்தான். தமிழ்ல மலை."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"உங்க பாப்பா?"

ஒரு நொடி தாமதித்து, மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு, "வயல் சம்பந்தமா" என்றார்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்த பெண் வயலை மறக்கவில்லை என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லவும் சொன்னேன். "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு அவர் அவசரமாகச் சென்ட் விலைக்குத் திரும்பிப் போனார்.

பூங்காவில் இருக்கிற பூக்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது என்று நினைக்கக் கூடாது. டேலியாவை ஒருவர் "சீமைச் சாமந்தி" என்றார், இன்னொருவர் "ரோஜாவுல இது ஒரு தினுசு" என்றார். நீலமாகப் பந்து பந்தாகப் பூக்கிற ஹைட்ரேஞ்சாவைக் காட்டி, இதுதான் குறிஞ்சி என்று ஒரு வழிகாட்டி கேரளத்துக் குடும்பம் ஒன்றுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவர்கள் பயபக்தியோடு அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மலைவளம் பாடிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை மூச்சு விடாமல் அடுக்கியிருக்கிறார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்டுவதற்காகப் பாடியது என்பார்கள். அந்த அரசன் எங்களோடு இந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், 99 பூவும் ரோஜாவில் 99 தினுசு என்ற முடிவோடு ஊருக்குப் போயிருப்பான்.

உண்மையான குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்தக் கேரளத்துக் குடும்பத்தில் பல் முளைத்துக்கொண்டிருந்த குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அது மலையை நீலமாக்கும். அதற்குள் குறிஞ்சியின் ஒன்றுவிட்ட சகோதரிகள் ஏதாவது ஒன்று எங்காவது ஒரு சரிவில் பூக்கும். அந்த இனத்தில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. உடனே 'குறிஞ்சி பூத்தது' என்று செய்தி வரும், கார்கள் கிளம்பும். பூ பாவம், நான் அவள் இல்லை என்று சொல்ல அதற்கு வாய் இல்லை.

"பாப்பா எப்ப முடிக்கும்?" இது கம்பத்துக்காரரின் அடுத்த கேள்வி. ஆய்வு மாணவியிடம் கேட்கக் கூடாத ஒரே கேள்வி. அப்பாவிடம் கேட்கலாம், அப்பாவுக்குக் கோபம் வராது, துக்கம்தான் வரும்.

"குறிஞ்சிக்கும் அவளுக்கும் போட்டிண்ணே. எது முதல்ல பூக்குதுன்னு பாப்போம்."

அதனால்தான் காத்திருக்கிற நேரத்தில் நடந்து போய்க் குறிஞ்சி ஆண்டவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது. பூங்காவிலிருந்து நடக்கிற தூரம்தான். இந்தக் கோயிலின் கதை சாதாரணக் கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த ஒரு பெண்மணி இலங்கைக்கு வந்து, சைவராகி, சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, லீலாவதி இராமநாதன் ஆனார். யாழ்ப்பாணத்தில் பெண்களுக்காக இராமநாதன் 1913-இல் தொடங்கிய கல்லூரிக்கு அவரே முதல்வராகவும் இருந்தார். கணவர் 1930-இல் காலமான பின் 1936-இல் இந்த மலையில் முருகனுக்குக் கோயில் எழுப்பினார். இப்போது பழனி தேவஸ்தானத்தின் பொறுப்பில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கணவர் கட்டிய இன்னொரு கல்லூரியான பரமேஸ்வராவில் 1974-இல் பல்கலைக்கழகமே வந்தது. மனைவி கட்டிய கோயில் இருக்கிற மலையில் பத்து வருஷம் கழித்து மகளிர் பல்கலைக்கழகம் வந்தது. இந்த அம்மாளுக்கும் அவர் கணவருக்கும் பல்கலைக்கழகங்களோடு ஏதோ ராசி. அதை உத்தேசித்து, ஆய்வேடு சமர்ப்பிக்கிற விஷயமாக நான் விண்ணப்பம் வைப்பது பழனியில் இல்லை, இங்கேதான்.

பனி இல்லாத நாளில் கோயில் பக்கமிருந்து பார்த்தால் கீழே சமவெளியில் பழனி மலை தெரியும். மேலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு சின்னதாகத் தெரிவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அடிவாரத்திலிருந்து அதன் படிகளை ஏறிய முழங்கால் என்னுடையது, அதற்கு உண்மை தெரியும். பனி இருந்தால் பழனி மட்டுமில்லை, முன்னால் நிற்கிறவரும் தெரியமாட்டார். கொடைக்கானலே இப்படித்தான். காசு கொடுத்து, மலை ஏறி, தொலைநோக்கிக்கும் தனியாகக் காசு கொடுத்துக் கோக்கர்ஸ் வாக்கில் வெள்ளையைப் பார்த்துவிட்டு, "சூப்பர் கிளைமேட்" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் எத்தனை பேர். இந்த ஊரில்தான் வெள்ளைக்காரன் 1899-இல் சூரியனைப் பார்க்க ஓர் ஆய்வகம் வைத்தான் என்றால் கம்பத்துக்காரர் நம்பவில்லை. 1909-இல் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார் என்றேன். "பனி வெலகுற நேரமாப் பாத்துப் பாத்திருப்பாரு" என்றார். விஞ்ஞானத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

போன தடவை அப்படிக் கோயிலுக்குப் போய்விட்டுப் பூங்காவுக்குத் திரும்பி வந்தபோதுதான் காட்டுமாடு வந்தது.

கொடைக்கானலில் காட்டுமாடு ஊருக்குள் வருவது செய்தியே இல்லை. 2013-இல் சுற்றுவட்டக் காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் எல்லைக்கோடு எங்கே என்று மாடுகளுக்கு அரசாணை அனுப்பப்படவில்லை. பனி கொஞ்சம் கலைந்தபோது, கீழ்ப் பாத்திக்கு அந்தப் பக்கம், நாங்கள் புதர் என்று நினைத்துக்கொண்டிருந்தது நகர்ந்தது. நல்ல கடா. ஒரு டன் இருக்கும். கறுத்து மினுமினுக்கிற உடம்பு, முதுகில் மேடு, முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்ட வெள்ளை சாக்ஸ். மூக்கிலிருந்து ஆவி வந்தது. அது நிதானமாக ஒரு ஹைட்ரேஞ்சாக் கொத்தை வாயில் வாங்கி, மென்று, பிடிக்காமல் துப்பியது. அதற்கும் அது குறிஞ்சி இல்லை என்று தெரிந்துவிட்டது.

பெஞ்சுகள் காலியாயின. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் ஒருவர், மரத்துக்குப் பின்னால் மூவர். மரம் ஒல்லி. நான் மகளின் மடிக்கணினிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உயிர் போனாலும் விடக் கூடாது, நாலாவது இயல் அதற்குள் இருக்கிறது, வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கம்பத்துக்காரர் மட்டும் நகரவில்லை. மாடு என்றதும் அவருக்குள் இருந்த சம்சாரி விழித்துக்கொண்டார். உழவு மாட்டை அதட்டுகிற மாதிரி, நாக்கை மடித்து, "ஹோய்... ஹோய்... ஹே, போ அந்தாண்ட!" என்றார். காட்டுமாடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. ஓர் உயிரினம் இன்னோர் உயிரினத்தை அவ்வளவு நேரம் யோசனையோடு பார்த்து நான் பார்த்ததில்லை. குல்லா, மஃப்ளர், துண்டு, இதற்குள் என்ன இனம் இருக்கிறது என்று அதற்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது.

"அய்யா, சும்மா இருங்க" என்றார் களை எடுக்கிற அம்மா, குனிந்த தலை நிமிராமல். "அது தெனம் வாரதுதேன். அது பாட்டுக்குப் போவும். படம் மட்டும் எடுக்காதீக, அதுக்குப் புடிக்காது."

அதற்குள் மேல் புல்தரையிலிருந்து செல்போன்கள் நீண்டுவிட்டன. கடா ஒரு தடவை பெருமூச்சு விட்டு, சாக்ஸ் கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பனிக்குள் இறங்கிப் போனது. போன பிறகுதான் வீரம் வந்தது. மரத்துக்குப் பின்னால் நின்றவர் "இதவிடப் பெருசு எங்க ஊர்ல" என்று ஆரம்பித்தார். இளம் கணவர் குழந்தையைத் தூக்கிக் காட்டி, "மாமா மேல பயமே இல்ல பாத்தீங்களா" என்றார். அவர் மாமா என்றது மாட்டை.

இந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். "மலைப்பூண்டு வாங்கியாச்சா?" கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து என் வீட்டில் வேறு பூண்டு தாளிப்பில் விழுவதில்லை. காட்டுமாடு வந்தது என்றேன். "அது கெடக்கட்டும், பூண்டு சின்னப் பல்லா, பெரிய பல்லான்னு பாத்து வாங்குங்க. போன தடவ ஏமாந்துட்டீக" என்றாள்.

சாயங்காலம் ஆகும்போது மகள் வந்தாள். போன் பண்ணுகிறேன் என்றவள் நேரிலேயே வந்துவிட்டாள். கூடவே இன்னொரு பெண், கையில் அதே மாதிரி சிவப்பு மை படிந்த தாள்கள். கம்பத்துக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். அவருடைய மகள். இருவரும் ஒரே துறை, ஒரே நெறியாளர் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் மரியாதைக்குக் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், ஆய்வாளர்களைக் கண்டதும் உற்சாகமாகி, நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வாங்கம்மா. அப்பா சொன்னாரு, மலையப் பத்திப் பண்றீகளாம்ல. மலையில என்ன? மண்ணா, மழையா?"

நான் இருமினேன். பெரிய இருமல். மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"மலையப் பத்தி இல்லங்க ஐயா. குறிஞ்சித் திணை. புணர்தல் என்கிற உரிப்பொருள நற்றிணையிலயும் குறுந்தொகையிலயும் தோழி எப்படிச் சொல்றா, தலைவி எப்படிச் சொல்றாங்கிறதுதான் என் ஆய்வு" என்றாள், வகுப்பில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில். புளிசாதக் குடும்பத்தில் ஸ்பூன்கள் நின்றன.

வாத்தியார் அசரவில்லை. "பலே. நல்ல தலைப்பு. தோழி கூற்றுதாம்மா கஷ்டம்" என்றார். பிறகு கம்பத்துக்காரரின் மகள் பக்கம் திரும்பி, "நீங்க வயலா?" என்றார்.

"வயலா? யார் சொன்னா?" என்றாள் அந்தப் பெண். "நான் மருதத் திணைங்க ஐயா. பரத்தையிற் பிரிவு. தலைவன் வீட்ட விட்டுட்டுப் பரத்தை வீட்டுக்குப் போறான்ல, அந்தப் பாட்டுங்க மட்டும் எடுத்துப் பண்றேன்."

நான் கம்பத்துக்காரரைப் பார்த்தேன். அவர் குல்லாவை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து, "சார், வத்தலகுண்டுக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்றார்.